எஸ்கிலுக்குத் தூவிய பட்டைப்பொடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் முதல் ஆல்பத்தில் கேட்கும் பன்றிகள் நிஜப் பன்றிகள்தான். ரண்டர்ஸ் ஊருக்கு வெளியே, எங்கள் பாடகன் எஸ்கிலின் மாமா பண்ணையில், பன்றித் தொழுவத்தை ஒட்டிய அறையில் பதிவு செய்தோம். எஸ்கில் அடித்தொண்டையில் கர்ஜித்தால் அவையும் பதில் கொடுத்தன. கோபன்ஹேகன் பத்திரிகை ஒன்று அதை நரகத்தின் சேர்ந்திசை என்று புகழ்ந்தது. மாமா அந்தத் தாளை வெட்டித் தொழுவத்துக் கதவில் ஒட்டிவைத்தார்.

இரண்டாவது ஆல்பமும் அதே இடத்தில்தான். எஸ்கில் பாட்டும் கிடாரும், சிக்னே டிரம்ஸ், நான் பேஸ் கிடார். ஹெவி மெட்டல் வெறும் சத்தம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. சத்தம்தான். ஆனால் அதில் மூன்று பேருக்கும் சம பங்கு இருந்தது. தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்பவனை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது.

மூன்றாவது ஆல்பத்துக்கு எஸ்கில் ஒரு மெல்லிய பாட்டைக் கொண்டுவந்தான். குளிர்காலக் கடல், கரையில் ஒரு பெண், அவ்வளவுதான். கர்ஜிக்காமல் பாடினான். பன்றிகள்கூட வாயை மூடிக்கொண்டன. சிக்னே குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"டேய், இந்தக் குரல இத்தன நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?"

"சரி, இதுல பேஸ் எங்க வருது?" என்று கேட்டேன்.

"இதுக்கு பேஸ் வேணாம் யெப்பே," என்றான் எஸ்கில், என் தோளில் தட்டி. "நீ அந்த நேரத்துல போய் பன்னிக்குத் தீனி போடு."

மூவரும் சிரித்தோம். எனக்குக் கோபமில்லை. அவனை நினைத்து வருத்தம்தான். நண்பனுக்குத் தலைக்கனம் ஏறினால் இறக்கிவைப்பது நண்பனின் கடமை.

இருபத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாதவனை விளக்குக் கம்பத்தில் கட்டி, தண்ணீரில் நனைத்து, பட்டைப்பொடியை அள்ளிக் கொட்டுவது எங்கள் வழக்கம். முப்பதாகியும் ஆகவில்லை என்றால் மிளகு. எஸ்கிலின் இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பாதி ஊர் கூடியது. நீச்சல் கண்ணாடியை நானே அவனுக்கு மாட்டிவிட்டேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதில் கறாராக இருந்தேன்.

"முதல் ஆல்பத்துல கத்துவியே, அத ஒரு தடவ கத்துடா," என்றேன்.

"கட்டிப் போட்டும் விடமாட்டியா நீ?" என்று சிரித்தான்.

அந்தக் கர்ஜனைக்கு முன்னால் அவன் அடிவயிறு வரை மூச்சை இழுப்பான். பக்கத்தில் நின்று வாசித்தவனுக்கு அந்த நொடி மனப்பாடம். பொடி வாளியை அப்போதுதான் அவன் தலையில் கவிழ்த்தேன்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர்கள் சொன்னபோது மனதார மகிழ்ந்தேன். தொண்டைதான் வெந்துபோயிருந்தது. இனிமேல் கிசுகிசுக்கலாம், பாட முடியாது.

"மிளகு முப்பதுக்குத்தான்டா, மடப்பயலே," என்று சிக்னே என் சட்டையைப் பிடித்து அழுதாள். வயது குழம்பிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பேஸ் வாசிப்பவனுக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த செய்தி.

போலீஸ்காரர்களான நீங்கள், மிளகு வாடை போகாத என் காபி அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டீர்கள். இனி மறைப்பானேன். எஸ்கிலும் நானும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். என் வயது எனக்குத் தெரியும். மிளகை மாவு போல அரைத்தது நான்தான். வாசனைக்காக மேலே மட்டும் பட்டை தூவினேன். அவனுடைய பழைய கரகரப்பு திரும்ப வேண்டும், எங்கள் முதல் இரண்டு ஆல்பங்களின் மானம் காப்பாற்றப்பட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

கரகரப்பும் வரவில்லை, குரலும் போய்விட்டது. ஆல்பத்தை அப்படியே விடவும் முடியாதே. போன வாரம் அந்தக் கடல் பாட்டை நான் பாட, பதிவு செய்தோம். எங்கே மூச்சு விட வேண்டும் என்று எஸ்கில் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினான், பாவம். பாடிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவன் சொன்னது சரிதான்: அதற்கு பேஸ் தேவையே இல்லை.