சத்தம் அடங்கும் வரை

சின்னவனை நீ கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உன் அம்மாவின் நினைவாக ஏதாவது வேண்டும் என்று கேட்டாய். அவள் மடியே கதி என்று கிடந்த நாயைவிட வேறு என்ன இருக்கிறது இந்த வீட்டில்? ஆனால் நீ காலையில் வேலைக்குப் போனால் சாயந்திரம்தான் திரும்புகிறவள். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போ.

லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு கட்டடத்தில், அடிக்குழியிலிருந்து அவனைத் தூக்கி வந்தேன். உடம்பெல்லாம் கிரீஸ், கையளவுதான் இருந்தான். வந்த புதிதில் நான் கதவைச் சாத்தினால் போதும், ஊரைக் கூட்டிவிடுவான். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தமாக இருக்கும். செருப்பு, தலையணை, துணி உலர்த்தும் கயிறு, எதையும் விட்டுவைக்கவில்லை. நாயை நீங்கள் வளர்க்கிறீர்களா, நாய் உங்களை வளர்க்கிறதா என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டு போனேன். அது சேட்டை இல்லை, பயம் என்றார். நான் போனால் திரும்பி வரமாட்டேன் என்று நினைக்கிறானாம். சாவியை எடுக்கச் சொன்னார், ஷூ போடச் சொன்னார், ஆனால் வெளியே போகாமல் திரும்ப உட்காரச் சொன்னார். சாவிச் சத்தத்துக்கு அவன் தலை தூக்காமல் இருக்கப் பழகியதும் வாசல்வரை போய் வர வேண்டும், பிறகு கதவுக்கு வெளியே. அவனுக்குப் பயம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். போகும்போதும் கொஞ்சக்கூடாது, வரும்போதும் கொஞ்சக்கூடாது. அழுதுகொண்டிருக்கும்போது கதவைத் திறக்காமல், அவன் மூச்சு வாங்க நிறுத்தும்போது திறக்க வேண்டும். ஆனால் அழுதுவிட்டான் என்றால் தப்பு நம்முடையது, அவசரப்பட்டு நேரத்தைக் கூட்டிவிட்டோம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

மாடிப்படியில் உட்கார்ந்து, கதவில் காதை வைத்து, மாதக்கணக்கில் செய்தேன். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்கும் என்று எனக்கே தெரியாது. கடைசியில் நான் கிளம்பினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிற அளவுக்கு வந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் உன் அப்பா போய்ச் சேர்ந்து, அக்கா என்னிடம் வந்தாள். நான் ஆசையாகத்தான் கூப்பிட்டேன். என்னை வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் நான் அழுவேன் என்று வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, எனக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டே இருப்பாளாம். வந்த முதல் நாள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அடுத்த தம்பி இவன் என்று சொல்லி நாய்க்குச் சின்னவன் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

ஆனால் அவளால் தனியாக இருக்க முடியவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று போன உன் அப்பா வராமலே போய்விட்டார் அல்லவா? நான் சாவியைத் தொட்டாலே அவள் முகம் செத்துவிடும். துணைக்குத்தான் சின்னவன் இருக்கிறானே என்றேன்.

"இவனாடா எனக்கு டாக்டரைக் கூப்பிடுவான்?" என்றாள், சிரித்துக்கொண்டேதான்.

வேலை நேரத்தில் ஓயாமல் போன் வரும். நான் லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்திக்கொண்டு ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், அவள் சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்று கேட்பாள். புதுப் பெண்டாட்டிகூட இப்படிக் கூப்பிடமாட்டாள் என்று கூட இருக்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

நாய்க்குச் செய்ததை மனுஷிக்குச் செய்வதா என்று உனக்குத் தோன்றலாம். பயம் யாருக்கு வந்தாலும் பயம்தான். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று அலறுவார்கள். கதவைத் திறந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள். பயத்தில் யாரும் சாவதில்லை என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

முறைப்படிதான் ஆரம்பித்தேன். சாவியை எடுத்தேன், ஷூ போட்டேன், உட்கார்ந்தேன்.

"என்னடா, போறியா போகலையா?" என்று சிரித்தாள்.

சில நாள் நன்றாகவே போனது. பிறகு எனக்கு அலுத்துவிட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. சின்னவன் வாயில்லாத ஜீவன், சொன்னால் புரியாது. அக்காவுக்குப் புரியும், அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நேரத்தைக் கூட்டினேன். அவள் வெறுங்காலோடு மாடிப்படி இறங்கி என் பின்னாலேயே வந்தாள். அதனால் வெளியிலிருந்து பூட்ட வேண்டியதாயிற்று. போன் கையில் இருந்தால் பழக்கம் விடாது என்பதால் அதையும் என் பையில் போட்டுக்கொண்டேன். நீ சாயந்திரம்தான் கூப்பிடுவாய், அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவள் உன்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாதே என்று நானும் சொன்னதில்லை. பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். அவள் கதவைத் தட்டுவாள், அழுவாள், உன் அப்பாவைக் கூப்பிடுவாள். அடங்கியதும் உள்ளே போய், இன்றைக்குச் சமத்தாக இருந்தாய் என்று சொல்லி டீ போட்டுக் கொடுப்பேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளைபோல என்னை வளர்த்தவள், எனக்கு இருக்காதா?

அன்றைக்கு எனக்கு விடுமுறை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். வழக்கம்போலத் தட்டினாள்.

"தம்பி, நெஞ்சை அடைக்குதுடா" என்றாள்.

முன்பும் தலை சுற்றுகிறது, வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் அன்று சின்னவனும் ஊளையிட ஆரம்பித்தான். அழுகையை மறந்தே போயிருந்தவன். அவளைப் பார்த்து இவனும் கெட்டுப்போகிறானே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உண்மையைச் சொன்னால், நான் அவனை நினைத்துத்தான் அப்போது கவலைப்பட்டேன்.

பிறகு சத்தம் நின்றது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது, கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோது முழுதாகத் திறக்கவில்லை. அவள் கதவோடு ஒட்டிச் சாய்ந்திருந்தாள். சின்னவன் அவள் காலடியில் படுத்திருந்தான். அன்றிலிருந்து என் பக்கத்தில் அவன் வருவதில்லை. வந்த டாக்டர் மாரடைப்பு என்றார், யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நீகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா, நீங்க இருந்ததாலதான் அம்மா கடைசியில நிம்மதியா இருந்தாங்க என்றாய்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம், நீ உன்னையே திட்டிக்கொள்கிறாய். அன்றைக்கு என்னவோ தோன்றிக் காலையிலேயே கூப்பிட்டேன், அம்மா எடுக்கவில்லை, தூங்குகிறாள் என்று விட்டுவிட்டேன், இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமே என்று வருகிறவர்களிடமெல்லாம் அழுகிறாய். அப்படி அழாதே. போன் என் பையில் இருந்தது. மணி அடித்தது, உனக்கென்று அவள் வைத்திருந்த அந்தப் பாட்டு. மாடிப்படி முழுக்கக் கேட்டது. திரையில் உன் முகத்தைப் பார்த்தேன். கையால் பொத்தி, அணைத்துவிட்டேன்.

ஆனால் அதற்குள் அவளுக்குக் கேட்டுவிட்டது. உள்ளே இரண்டு பேரும் சட்டென்று அமைதியானார்கள். அவள் அழவில்லை, தட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்குப் பக்கத்திலேயே, சாதாரணமாகக் கேட்டாள்.

"தம்பி, நீ இங்கதான் உக்காந்திருக்கியா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றுதான் முதல்முறையாக, களைத்து ஓய்ந்துபோகாமல், அவளாகவே அழுகையை நிறுத்தியிருந்தாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால், அவளுக்காக அதுவரை நான் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும்.