நாகபூஷணத்தின் முடுப்பு

மொட்டை போட்டால் எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் நடுநடுவே மூக்கைச் சிந்தினால் தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அழுதுகொண்டே சொன்னான் என்று எழுதிவிடவும் வேண்டாம். நான் அழவில்லை.

இந்த மொட்டைகூட என்னுடைய வேண்டுதல் இல்லை. நாகபூஷணத்துக்காகப் போட்டுக்கொண்டது. பெருமாள் மலை உண்டியலில் காணிக்கை முடிந்த ஒரு மஞ்சள் துணி முடுப்பைப் பிரித்து எண்ணும்போது காசுகளோடு ஒரு பாஸ்போர்ட் விழுந்ததாம், அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கிறீர்கள். நான் போட்டேன். அவன் மனைவி கன்னியம்மாள் உங்களிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் நல்ல பெண், பொய் பேசத் தெரியாது.

நானும் நாகபூஷணமும் நகரிக்குப் பக்கத்தில் ஒரே ஊர். இரண்டு பேரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நூல் பஞ்சம் வந்து தறி நின்றபோது, நம் பக்கத்துக் கைலி விற்கிற ராவுத்தர் கடை ஒன்றில் வேலை இருக்கிறதென்று பினாங்குக்குக் கப்பல் ஏறினோம். அப்போது எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்யம். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. போன அடுத்த வருஷமே ஊர் ஆந்திராவுக்குப் போய்விட்டது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம், எங்கள் ஊர்தான் நகர்ந்துவிட்டது என்று நாகபூஷணம் சொல்லிச் சிரிப்பான்.

எனக்குத் தனியாக இருக்க வராது. இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கடைக்கு மேலே எங்கள் அறை. சமையல் அவன். நான் சோறு வடித்தால் கஞ்சியாகிவிடும். மலாய்க்காரர்களிடம் பேசுவது அவன், ஊருக்குக் கடிதம் எழுதுவது அவன். எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, "ரெண்டு வாய் துன்னுண்ணா, எனக்காக துன்னு" என்று ஊட்டிவிட்டான். பெற்ற தாய்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவன் கிளம்பும்போது கன்னியம்மாள் மாசமாக இருந்தாள். பெண் குழந்தை பிறந்தது, அலர்மேல்மங்கை என்று பேர் வைத்தார்கள். முகத்தைப் பார்க்காமலே நாலு வயசு ஆகிவிட்டது. குழந்தையைப் பார்க்கப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று பெருமாளுக்கு முடுப்பு கட்டியிருந்தான். சனிக்கிழமை தோறும் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, பழைய முடுப்பின் மேலேயே இன்னொரு சுற்றாகச் சுற்றுவான். அது பருத்துப் பருத்து ஒரு தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. கட்டின முடுப்பை உண்டியலில் சேர்க்கும்வரை பிரிக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா.

ராவுத்தர் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் லீவு கொடுப்பார். முதல் முறை நாகபூஷணத்துக்கு. டிக்கெட் எடுத்தாயிற்று. அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னான், "நானு திரும்பி வரலண்ணா. அங்கயே தறி போட்டுக்கினு கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம். கொயந்த மூஞ்சியே பாக்கலயே, இது இன்னா பொழப்பு?"

நல்ல முடிவு என்று சொன்னேன். தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்த அறையில் நான் ஒருவனாகப் படுத்துக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது சார், சொல்ல வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராவுத்தர் தொழுகைக்குப் போயிருந்தார், கடை சாத்தியிருந்தது. நாகபூஷணம் பின்னால் குளித்துக்கொண்டிருந்தான். அவன் தலையணைக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். ஒளிக்க இடம் தேடினேன். கடலில் போடலாம், அடுப்பில் போடலாம். ஆனால் எனக்கு அவன்மேல் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு கப்பல் தவறட்டும், அதற்குள் அவன் மனசு மாறும், அப்புறம் நானே தேடி எடுத்ததுபோல் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடுப்பின் மேல்சுற்றுத் துணியைத் தளர்த்தி உள்ளே செருகினேன். முடிச்சு ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவன் தேடினான். அரிசி டின்னைக் கொட்டினான், தலையணையைக் கிழித்தான், கைலிக் கட்டு ஒவ்வொன்றாக உதறினான். நானும் கூடவே தேடினேன். கடைசியில் பெருமாள் படமும் முடுப்பும் வைத்திருந்த பலகைக்கு வந்தான். முடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்கு அடியில் பார்த்தான். பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி அதை அங்கேயே வைத்தான். அன்று சனிக்கிழமை. காணாமல் போனது கிடைக்க வேண்டும் என்று இன்னொரு காசை முடிந்து, அதன்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினான். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

டிக்கெட் வீணாகக்கூடாது, எத்திராஜ் பேருக்கு மாற்றித் தருகிறேன், அவன் போய்விட்டு வரட்டும் என்று என்னைக் காட்டிச் சொன்னார் ராவுத்தர். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. சொன்னால் நான்தான் ஒளித்தேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் மனசு எவ்வளவு கஷ்டப்படும் என்று யோசித்தேன். ராவுத்தர் நீட்டிய டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

துறைமுகத்துக்கு வந்து வழியனுப்பினான். முடுப்பை என் கையில் கொடுத்தான்.

"அண்ணா, நானு எப்ப வருவனோ தெரியல. அலிபிரி அடிவாரத்துல இருந்து நடந்தே மலை ஏறி இத உண்டியல்ல போட்டுடு. எம் பேர்ல மொட்டையும் நீயே போட்டுக்கினு வா. பாஸ்போர்ட்டு தன்னால கெடைச்சுடும். எனக்கு நம்பிக்க இருக்குது."

சரி என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். கப்பல் நகரும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

ஊருக்கு வந்ததும் நான் திரும்பிப் போகவில்லை. தனியாக அவ்வளவு தூரம் யார் போவார்கள்? கல்யாணம் ஆயிற்று, தறி வைத்தேன். முடுப்பை வீட்டில் பெருமாள் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். விளக்கு ஏற்றும்போதெல்லாம் என் மனைவி அதற்கும் குங்குமம் வைப்பாள்.

நாகபூஷணம் அங்கே இந்திய சர்க்கார் ஆபீஸுக்கு நடந்தான். ஊர் எது என்று கேட்டார்கள். மெட்ராஸ் என்றான். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டார்கள், இப்போது அது எங்களுடையது இல்லை என்று பதில் போயிற்று. ஆந்திரா என்று எழுதினான். எல்லை இன்னும் முடிவாகவில்லை, பொறுங்கள் என்று அங்கிருந்து பதில். இங்கே ஊரில் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம், தினமும் ரகளை. நாங்கள் எந்த ராஜ்யம் என்று எங்களுக்கே தெரியாத நேரம் சார். அவனுக்கு யார் சான்று கொடுப்பார்கள்?

கன்னியம்மாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி வருவாள். ஒருமுறை கேட்டாள்.

"அண்ணா, பாஸ்போர்ட்டு நம்பர் தெரிஞ்சாக்கூட போதுமாம், வேற புஸ்தகம் குடுத்துடுவாங்களாம். அவருக்கு ஞாபகம் இல்லியாம். கூடவே இருந்தியே, உனக்கு எதுனா ஞாபகம் வருதா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். குழந்தை அண்ணாந்து ஆணியில் தொங்கின முடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்கோத்து கொடுத்து அனுப்பினேன். அந்தக் குழந்தைக்கு நான் எப்போதும் ஏதாவது கொடுப்பேன்.

முடுப்பை ஏன் அப்போதே உண்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்டீர்கள். கல்யாண வேலை, தறி வேலை, முழங்கால் வலி என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. உண்டியலில் விழுகிற எதையும் பிரித்து எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் கிடைக்கும், ஆபீஸுக்குப் போகும், அவன் வந்துவிடுவான். வந்து என் முகத்தைப் பார்ப்பான். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. எரித்துவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். பெருமாள் காணிக்கையைப் பிரித்து எரிக்கிற ஆள் இல்லை நான்.

இந்த மாசி மாசம் ராவுத்தர் கடிதம் போட்டார். நாகபூஷணத்துக்கு மஞ்சள் காமாலை. ஊருக்குப் போனால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், சரியாகிவிடும், என்னை அனுப்பிவிடுங்கள் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தானாம். அனுப்ப வழியில்லை. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். அங்கேயே எரித்துவிட்டார்கள்.

கன்னியம்மாள் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. "அவரு வேண்டிக்கினதயாவது முடிச்சுடுண்ணா. கடனோட போவ வேணாம்" என்றாள்.

அவள் கேட்டு நான் எப்படி மாட்டேன் என்பேன்? அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அவன் பேரைச் சொல்லி மொட்டை போட்டுக்கொண்டேன். முடுப்பை அப்படியே உண்டியலில் சேர்த்தேன். இறங்கி வரும்போது மனசு லேசாக இருந்தது. திரும்பி வந்து சொன்னதும் கன்னியம்மாள் என் காலில் விழுந்து கும்பிட்டாள்.

நேற்று நீங்கள் அந்தப் பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள். "ஏமய்யா, அவன் குடுத்தப்பவே இதப் போட்டிருந்தா அவன் வேண்டினபடியே கெடைச்சிருக்குமே. ஊரு வந்து சேந்திருப்பானே" என்றீர்கள். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அவன் வேண்டுதல் வீண்போகவில்லை, பெருமாள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறார். ஒளித்தது நான்தான், சேர்க்காமல் வைத்திருந்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முடுப்பு அத்தனை நாளும் பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. அவன் வர வேண்டும் என்று அவருக்கு மனசு இருந்திருந்தால் என்னை முன்னாலேயே மலை ஏற வைத்திருப்பார். அவரே சும்மா இருக்கும்போது, என் கையில் என்ன இருந்தது, சொல்லுங்கள்.