அப்பாவின் சிரித்த முகம்

எனக்கு அதிர்ந்து பேசும் பழக்கமே கிடையாது சார். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்றபோது, வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டவன் நான்தான். குளிப்பாட்டுவேன், சவரம் செய்வேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பேன்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஒரு கேமரா அனுப்பி, கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாள். முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கும் கம்ப்யூட்டராம். அப்பா முகம் வாடினால், "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று பெண் குரலில் ஆறுதல் சொல்லும். கையோடு தங்கையின் போனுக்கும் தகவல் போய்விடும்.

"அண்ணா, அப்பா சோகமா இருக்காராமே. அவரை என்ன பண்ணினே?"

சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுவாள். கண் அசந்தால் கூப்பிடுவாள். என் முகத்தைப் பார்க்க அந்த வீட்டில் எந்தக் கருவியும் இல்லை.

அதனால் அப்பாவுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. தண்ணீர் டம்ளரைக் கேமராவில் படாத இடத்தில் பிடித்துக்கொள்வேன். சிரித்தால் தண்ணீர். முகம் சுளித்தால் காத்திருக்க வேண்டியதுதான். முதலில் அடம் பிடித்தார். உதடு வெடித்த பிறகு வழிக்கு வந்தார். வாயில் ஒரு பக்கம்தான் மேலே ஏறும். கம்ப்யூட்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. போகப் போக, நான் அறைக்குள் நுழைந்தாலே சிரிக்க ஆரம்பித்தார்.

"நீ தங்கம்ணா. அப்பா இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல." தங்கை போனிலேயே அழுதுவிட்டாள். அன்றுதான் எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

போன ஞாயிறு காலை அவருக்கு வேர்த்துக் கொட்டியது. விளங்கும் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிச் சிரித்தார். உதவி கேட்கிறார் என்று புரிந்தது. கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். டாக்டர் வந்தால் உதட்டைப் பார்ப்பார். உடம்பு ஏன் இப்படி வற்றிப்போனது என்று கேட்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு அடங்கும்வரை அவர் கையை நான் விடவில்லை.

யாரையும் கூப்பிடாமல் சாகவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் 'துடிக்கத் துடிக்க' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். கம்ப்யூட்டரையே கேட்டுப் பாருங்கள். கடைசிவரை அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார்.