நாலாவது ஜாடி

கண்ணாடி ஜாடியில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம் ஐயா, மற்றதெல்லாம் சுலபம். வெயில் நேராக விழுகிற இடம் அது. விட்டால் உள்பக்கம் பச்சையாகப் படர்ந்துவிடும். தேங்காய் நாரைக் கம்பியில் கட்டி, மீன் மிரளாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். வாரம் தவறாமல் நானே தேய்த்தேன். ஜாடிகளைத் தொட வேறு யாரையும் விட்டதில்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பெயர் சகாயநாதன். பொன்மலை ரயில்வே பணிமனையில் டிராஃப்ட்ஸ்மேன். மன்னார்புரம் முக்கில் நிற்கும் தூண் நான் செய்தது. சிலர் அதைச் சிலை என்கிறார்கள், சிலர் மீன்தொட்டி என்கிறார்கள். சென்னையில் ஓவியம் படித்த என் மைத்துனர் விக்டர் அதற்கு நிர்மாணக் கலை என்று பெயர் சொன்னார். கலையைக் கூடத்துக்குள் பூட்டி வைக்காமல், பஸ்ஸுக்கு நிற்பவர் கண்ணில் படும்படி ரோட்டில் நிறுத்துவது. எனக்கு அந்தப் பெயர் புதிது. ஆனால் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்துவிட்டால் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை என்று நான் எப்போதும் நம்பியவன்.

கழித்துப்போட்ட பாய்லர் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தேன். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பெரிய கண்ணாடி ஜாடிகள். மேல் ஜாடியில் ஜீயபுரத்து ஆற்றுத் தண்ணீர். அடுத்ததில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறைத் தண்ணீர். மூன்றாவதில் ஊருக்குள் வந்துவிட்ட வாய்க்கால் தண்ணீர். நாலாவதில், தோல் பதனிடுகிற தோல் ஷாப்புக்குப் பின்னால், அதன் கழிவு இறங்கிய தெருக் கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப்பெயரை எழுதினேன். உச்சியில் சைக்கிள் ரிம்மில் தகரம் அடித்த காற்றாடி. அது சுற்றினால் தோல் துருத்தி அமுங்கும், துருத்தி அமுங்கினால் ரப்பர் குழாய் வழியாகக் காற்று இறங்கி ஜாடியின் அடியிலிருந்து குமிழாக வரும். கரண்ட் கிடையாது. காற்று நின்றால் குமிழும் நிற்கும். அந்த எளிமை எனக்குப் பிடித்திருந்தது.

ஜாடி ஏன் என்று கேட்கலாம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் மொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறம் ஆழத்தில்தான் கூடும். முழங்கை நீள ஜாடியில் நிரப்பி வெளிச்சத்துக்கு எதிரே வைத்தால் பழுப்பாகத் தெரியும். அந்தத் தெருக்காரர்கள் செம்பில் மட்டுமே பார்த்திருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போன அன்றே, இதைக் குடிக்காதீர்கள் என்று நான்தான் அவர்களிடம் சொன்னேன். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். இதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் நான்கிலும் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். மேலே மூன்றிலும் நீந்தின, நாலாவதில் செத்து மிதந்தன. நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் செத்த மீனை யாரும் நின்று பார்க்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பிச்சைமுத்து, "சார், கருவாடு போடுறதுன்னா மாடியில போடுங்க, ஏன் என் வியாபாரத்துல போடுறீங்க" என்றார். நகராட்சியில் இருந்தும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

அதனால் நாலாவது ஜாடியில் ஒரு விரால் விட்டேன். விரால் மற்ற மீன் மாதிரி இல்லை ஐயா. தண்ணீரில் காற்று குறைந்தாலும் மேலே வந்து வாயால் வாங்கிக்கொள்ளும். சேற்றிலும் கிடக்கும். சாகாமல் சங்கடப்படுகிற மீனைக் காட்டினால் ஜனங்களுக்குப் புரியும் என்று கணக்குப் போட்டேன்.

ஜனங்கள் கூடினார்கள். பழுப்புத் தண்ணீரில் கறுப்பாக ஒரு விரால் மெல்ல எழுந்து, ஒரு வாய் காற்றை வாங்கிவிட்டு இறங்குவது பார்க்க அழகாக இருந்தது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றியபடி பார்த்தார்கள். நானும் சாயங்காலம் அங்கேயே நின்று, கேட்கிறவர்களுக்குக் காற்றாடியில் தொடங்கித் துருத்தி வரை விளக்குவேன். விக்டர் சென்னையிலிருந்து போட்டோக்காரர்களை அழைத்து வந்தார். காவிரி ஓடுகிற ஊர்களில் எல்லாம் ஒரு தூண் வைக்கலாம் என்று பேச்சு நடந்தது.

அந்த எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஆறு மணலாகக் கிடந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். முக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் பெரிய வரிசை நிற்கும். அப்போதுதான் தோல் ஷாப்புத் தெருவிலிருந்து வியாகுலம்மாள் வந்தார். இடுப்பில் காலிக் குடம். மகள் அமலராணி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள், வீட்டில் வேறு துணை இல்லை. ஜாடியை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சார், இது எங்க கிணத்துத் தண்ணிதானே?"

"ஆமாம்மா. பேர் எழுதியிருக்கே."

"மீனு நல்லா இருக்கே சார். நீங்க சொன்னதுலேருந்து அந்தத் தண்ணிய நாங்க வாயில வைக்கல. புள்ளத்தாச்சிய தனியா போட்டுட்டு வரிசையில வந்து நிக்கிறேன். எந்நேரம் வலி எடுக்குமோன்னு வயித்துல நெருப்பா இருக்கு. இப்ப குடிக்கலாமா சார்?"

நான், "மீனைத்தான் பாக்குறீங்களே" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் மீனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு குமிழ் எப்படி வருகிறது என்று கேட்டார். நான் துருத்தியைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று சொல்லிப் போனார். குடத்தோடு வரிசைப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் பார்த்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. வியாகுலம்மாள் எனக்குக் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். தாய்க்குப் பால் போதவில்லை, பவுடர் பால்தான் கரைத்துக் கொடுக்கிறோம் என்றார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"நம்ம கிணத்துத் தண்ணிதான் சார். சும்மா இல்ல, நல்லா கொதிக்க வச்சு, சுண்டுனாப்புல ஆக்கி, ஆறவச்சுத்தான் குடுக்குறோம். பச்சப்புள்ளயாச்சே."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் உப்பு கெட்டியாகும், ரசம் வற்றினால் கரிப்பது போல. அந்தக் கிணற்றில் இருந்த உப்புகளில் ஒரு வகை உண்டு. அது பெரியவர்களை அவ்வளவாகப் பாதிக்காது. சிசுவின் ரத்தத்தில் கலந்தால், ரத்தம் மூச்சுக் காற்றைச் சுமக்காமல் போய்விடும். உதடு நீலமாகும். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாலும் அது உடம்புக்குப் போய்ச் சேராது. விராலுக்கு மேலே வந்து வாங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. குழந்தைக்கு இல்லை.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். யார் கேட்டாலும் எதையும் விளக்குகிற எனக்கு, அன்றைக்கு இதை விளக்கத் தோன்றவில்லை. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். பேட்ரிசியா என்றார்.

ஞானஸ்நானத்துக்கு முன்பே குழந்தை இறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தண்ணீர் என்று சொன்னதும் தெருவே எழுந்தது. பத்திரிகையில் வந்தது, தோல் ஷாப்பைப் பூட்டினார்கள், தெருவுக்குக் குழாய் போட்டார்கள். தூணுக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். ஒரு படைப்பு செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிட்டது என்று விக்டர் எழுதியிருந்தார். நான் மறுக்கவில்லை.

இப்போது தோல் ஷாப்புக்காரருடைய வக்கீல், நாலாவது ஜாடித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, அதில் கெடுதலான உப்பு எதுவும் இல்லை, நல்ல தண்ணீர்தான் என்று ரிப்போர்ட் வாங்கியிருக்கிறார். கிணற்றின் மேல் குற்றமே இல்லை என்று வாதாடுகிறார். கிணறு கெட்டது, ஜாடி மட்டும் எப்படி நல்லது என்று உங்களுக்குக் குழப்பம். ரிப்போர்ட் சரிதான் ஐயா. கிணறு கெட்டதும் சரிதான்.

விரால் விட்ட கொஞ்ச நாளிலேயே அதன் உடம்பில் புண் வைத்தது. செதில் உதிர்ந்து, சிவப்பாக. துடுப்பின் ஓரம் கரைந்துகொண்டு வந்தது. நாரால் ஜாடியைத் தேய்க்கும்போது கையருகே வந்து ஒதுங்கும். நான் மிருகம் இல்லை. ஒரு விடியற்காலை கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு, எங்கள் குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். ஆனால் அது தெளிவாக இருந்தது. நாலாவது ஜாடி பழுப்பாக இல்லாவிட்டால் தூணுக்கு அர்த்தமே இல்லை. அதனால் ஆவாரம்பட்டையைக் கொதிக்கவைத்துச் சேர்த்தேன். தோல் ஷாப்பிலும் அதே பட்டையைத்தான் போடுவார்கள், நிறம் அச்சாகப் பொருந்தியது. மீனுக்குக் கெடுதல் இல்லை. என் மனைவி அக்னஸ், "வீட்டுல ஒழுகுற குழாயைப் பாக்க நேரமில்ல, ரோட்டு மீனுக்குக் கஷாயமா" என்று கேட்டாள். புண் ஆறிவிட்டது.

வியாகுலம்மாள் வந்து கேட்டது அதற்குப் பிறகு. அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், ஜாடியில் இருப்பது அவர்கள் கிணறு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். தூணே பொய் என்று ஊர் பேசும். ஆறு முழுவதற்கும் பேச வேண்டிய தூண் அது. ஒரு வீட்டையும் ஒரு ஆற்றையும் எடை போட்டுப் பார்த்தேன். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

அவ்வளவுதான் ஐயா. தண்ணீரை மாற்றியது நான். ஜாடியின் மேல் எழுதிய பெயரை மாற்றாமல் விட்டது நான். குழந்தைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நான். இதில் எதையும் கல்மனதால் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம். உயிருள்ள ஒன்றை அந்தத் தண்ணீரில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.