கேட்கக் கூடாத கேள்வி

பாஸ்குவாலா: வேலைக்குத்தான் வந்தேன் ஐயா. வேலைக்குன்னே எழுதிக்குங்க.

ஒச்சோவா: நான் அதைக் கேக்கவே இல்லையேம்மா. பேரு, பொறந்த தேதி, எந்த நாடு... இவ்வளவுதான் கேட்டேன்.

பாஸ்குவாலா: குவாத்தமாலா. மலைப்பக்கம். நல்லா உழைப்பேன் ஐயா. சோளம் நடுவேன், பாத்திரம் தேய்ப்பேன், கோழி உரிப்பேன்...

ஒச்சோவா: இப்படிச் சொல்லச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?

பாஸ்குவாலா: வழியில கூட வந்தவங்க எல்லாரும். எல்லையில காவல் காக்கற உங்க மாதிரி பச்சைச் சட்டைக்காரங்களுக்கு உழைக்கிறவங்களைப் பிடிக்கும்னு... பிடிக்காதா?

ஒச்சோவா: எனக்குப் பிடிக்கும்மா. சட்டத்துக்குத்தான்... சரி, விடு.

ஹோல்ட்: ஒச்சோவா! அந்தப் பொம்பளையும் குழந்தையும் இன்னும் முடியலையா? ஏர்போர்ட் பஸ் வந்து நிக்குது.

ஒச்சோவா: கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது, ஹோல்ட்.

ஹோல்ட்: கம்ப்யூட்டரா, நீயா? இங்க பாரு, கேட்டுக் கீட்டு வெச்சுடாதே. ஊருக்குத் திரும்பிப் போக பயமான்னு நாம கேக்கக் கூடாது. தெரியும்ல?

ஒச்சோவா: முன்னெல்லாம் அந்தக் கேள்வியைக் கேக்காம விட்டா நமக்குத் திட்டு விழும்.

ஹோல்ட்: அது முன்னே. இப்ப எல்லையில அவசர நிலை. கூட்டம் குறையற வரைக்கும், வேலி தாண்டி வந்தவங்களுக்கு அடைக்கலம் கிடையாது. பயமா இருக்குன்னு அவங்களாவே வாயைத் திறந்தா விசாரணை. திறக்கலைன்னா பஸ், பஸ்ஸுலேர்ந்து விமானம், விமானத்துலேர்ந்து ஊரு. நானா எழுதினேன்?

ஒச்சோவா: நீ எழுதினேன்னு சொன்னேனா?

ஹோல்ட்: சுவத்துலதான் ஸ்பானிஷ்ல போர்டு மாட்டியிருக்கோமே. படிச்சிட்டுச் சொல்லட்டும். ...ஏய், என் கண்ணாடியைப் பாத்தியா? தேடித் தேடி அலுத்துட்டேன்.

ஒச்சோவா: எங்க போயிடும்... இங்கதான் இருக்கும்.

ஹோல்ட்: சீக்கிரம் முடி. டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

பாஸ்குவாலா: என்ன ஐயா சொல்லிட்டுப் போறார்? இங்கிலீஷ் எனக்குப் புரியல. கோவமா இருக்காரா?

ஒச்சோவா: கண்ணாடியைக் காணோமாம்.

பாஸ்குவாலா: ஐயோ பாவம். புனித அந்தோனியாரை வேண்டிக்கச் சொல்லுங்க. காணாமப் போனதையெல்லாம் எடுத்துக் குடுத்துடுவார்.

ஒச்சோவா: சொல்றேன். ...இந்தா, சாப்பிடும்மா. என் வீட்டுக்காரி கட்டிக் குடுத்தது. உள்ள பீன்ஸ் வெச்ச ரொட்டி.

பாஸ்குவாலா: வேண்டாம் ஐயா. வயிறு நிறைஞ்சிருக்கு.

ஒச்சோவா: பாதியாவது...

பாஸ்குவாலா: உங்களுக்கு வேணும். உக்காந்து எழுதறீங்க.

ஒச்சோவா: அட, புடிம்மா. நான் தொப்பையைக் குறைக்கணும்.

பாஸ்குவாலா: ...கடவுள் உங்களுக்குக் குடுக்கட்டும். குடுங்க.

ஒச்சோவா: அப்ப பசிதானே? இவ்வளவு நேரம் எதுக்கு வேண்டாம் வேண்டாம்னே?

பாஸ்குவாலா: எங்க ஊர்ல அப்படித்தான் ஐயா. மொத தடவை கேக்கறது மரியாதைக்கு. ரெண்டாவது, பழக்கத்துக்கு. மூணாவது தடவையும் கேட்டா மனசாரக் கேக்கறாங்கன்னு அர்த்தம். அப்ப மறுத்தா பாவம்.

ஒச்சோவா: உங்க ஊருக்கு வர்ற விருந்தாளி பட்டினியிலயே செத்துருவானே!

பாஸ்குவாலா: அவனுக்கும் தெரியும், காத்திருப்பான்! ...இது என்ன ஐயா, துணி மாதிரி மெல்லிசா? சோளம் இல்லையா இதுல?

ஒச்சோவா: கோதுமை. எங்க பக்கம் கோதுமைதான்.

பாஸ்குவாலா: கோதுமையிலயா! பாவம், சோளம் விளையாத ஊரு போல. ...ஆனா ருசியா இருக்கு. உங்க வீட்டுக்காரிக்கு நல்ல கை. பாதியை என் பொண்ணு கத்தரீனாவுக்கு எடுத்து வெச்சுக்கறேன். முழிச்சா குடுக்கலாம்.

ஒச்சோவா: நல்லாத் தூங்குது. வெள்ளித்தாள் போர்வை கீழ நழுவிடுச்சு, இழுத்து விடு. ஷூவையாவது கழட்டி விடேன், கால் வீங்கிடும்.

பாஸ்குவாலா: வேண்டாம் ஐயா. கழட்டினா எழுந்து அழும். வீட்டுலயும் ஷூவோடதான் தூங்கும்.

ஒச்சோவா: வீட்டுலயுமா?

பாஸ்குவாலா: ...பழக்கம் ஐயா.

ஒச்சோவா: ம்...

பாஸ்குவாலா: நாங்க நல்லாத்தான் இருக்கோம். கடவுள் புண்ணியத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

ஒச்சோவா: உங்க ஊர்ல... உடம்பு எப்படி, மனசு எப்படின்னு விசாரிச்சாலும் மூணு தடவை விசாரிச்சாத்தான் உண்மை வருமா?

பாஸ்குவாலா: ஆமா. நம்ம கஷ்டத்தை எடுத்தவுடனே அடுத்தவங்க தலையில இறக்கக் கூடாது இல்ல? கடவுள்கிட்ட மட்டும்தான் கேக்காமலே சொல்லுவோம்.

ஒச்சோவா: ஒரு தடவைகூடக் கேக்க முடியாதவன் என்ன செய்வான்?

பாஸ்குவாலா: யாரு ஐயா?

ஒச்சோவா: யாருமில்ல. ...அந்த நீல போர்டைப் பாத்தியா? சுவத்துல.

பாஸ்குவாலா: பாத்தேன். நல்ல நீலம். எங்க ஊரு மாதா சால்வை மாதிரி.

ஒச்சோவா: எழுத்து...

பாஸ்குவாலா: எழுத்தும் பெருசா, அழகா இருக்கு.

ஒச்சோவா: சரிதான். ...இரு, கண்ணாடி போட்டுக்கறேன். கண்ணு சரியாத் தெரியலம்மா, பவர் சரியான்னு சோதிச்சுப் பாக்கணும். அந்த போர்டைச் சத்தமா வாசிச்சா தெரிஞ்சுடும். நீ உன் பாட்டுக்குச் சாப்பிடு. 'சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்ல அஞ்சுபவர்கள், அங்கே தமக்குத் தீங்கு நேரும் என்று நினைப்பவர்கள், அதை இங்குள்ள அதிகாரியிடம் தெரிவிக்கவும்.'

பாஸ்குவாலா: அருமையா வாசிக்கிறீங்க. எங்க சாமியார் பூசையில வாசிக்கிற மாதிரி.

ஒச்சோவா: அப்படியா? எனக்கென்னவோ ஒரு வரி மங்கலாத் தெரிஞ்சுது. இன்னொரு தடவை பாக்கறேன். 'சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்ல அஞ்சுபவர்கள்... அங்கே தமக்குத் தீங்கு நேரும் என்று நினைப்பவர்கள்... அதை இங்குள்ள அதிகாரியிடம்...' அதாவது இந்த அறையில பச்சைச் சட்டை போட்டு யாரு உக்காந்திருந்தாலும் அவன்கிட்ட... 'தெரிவிக்கவும்.'

பாஸ்குவாலா: ...நல்ல கண்ணு ஐயா உங்களுக்கு.

ஒச்சோவா: ஹாரன் கேக்குதா?

பாஸ்குவாலா: கேக்குது.

ஒச்சோவா: பஸ்ஸு.

பாஸ்குவாலா: எங்களுக்கா?

ஒச்சோவா: ...கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். இன்னும் ஒரே ஒரு தடவை. மெதுவா. 'சொந்த நாட்டுக்குத்... திரும்பிச் செல்ல... அஞ்சுபவர்கள்...'

பாஸ்குவாலா: ஐயா.

ஒச்சோவா: '...அங்கே தமக்குத்...'

பாஸ்குவாலா: ஐயா, போதும். பயமா இருக்கு. ஊருக்கு அனுப்பினா எங்களைக் கொன்னுடுவாங்க. என் அண்ணனைக் கொன்னாங்க. கொன்னவங்க மூஞ்சியை நான் பாத்துட்டேன். கொடியில காயப்போட்ட கத்தரீனாவோட சட்டையை எடுத்து வீட்டுக் கதவுல ஆணி அடிச்சிட்டுப் போனாங்க. அன்னையிலேர்ந்து ஷூவோடதான் தூங்கறோம். எப்ப ஓடணும்னு தெரியாதே...

ஒச்சோவா: மெதுவா, மகளே. தண்ணி குடி. ...நான் எதுவும் கேக்கல, இல்ல?

பாஸ்குவாலா: நீங்க எதுவும் கேக்கல.

ஒச்சோவா: அப்ப அப்படியே எழுதறேன். 'தானாகவே சொன்னார்.'

ஹோல்ட்: என்ன ஒச்சோவா, கிளம்பட்டுமா? டிரைவர் என்னை முறைக்கிறான்.

ஒச்சோவா: இவங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல வரல. திரும்பிப் போக பயம்னு சொல்லிட்டாங்க. விசாரணைக்குப் போகணும்.

ஹோல்ட்: நீ கேட்டியா?

ஒச்சோவா: கேக்கல. உனக்குத்தான் கொஞ்சம் ஸ்பானிஷ் வருமே, அவங்களையே கேளு.

ஹோல்ட்: அம்மா, இவர்... உங்ககிட்ட... ஏதாவது கேட்டாரா?

பாஸ்குவாலா: இல்ல ஐயா. இவர் பாட்டுக்குக் கண்ணாடியைச் சோதிச்சுக்கிட்டிருந்தார்.

ஹோல்ட்: கண்ணாடியா? ஒச்சோவா, உனக்கு ஏது... இரு. இது என் கண்ணாடி!

ஒச்சோவா: மேசை மேல கெடந்துது.

ஹோல்ட்: இதைப் போட்டா உனக்கு ஒண்ணும் தெரியாதே! அந்த போர்டு உனக்கு மனப்பாடம் வேற...

பாஸ்குவாலா: கிடைச்சிடுச்சா? அந்தோனியாரே! நான் சொன்னேன்ல?

ஒச்சோவா: இந்தா, வாங்கிக்க.

ஹோல்ட்: ...நீயே வெச்சுக்க.

ஒச்சோவா: என்ன?

ஹோல்ட்: அடுத்த அறையிலயும் ஆளுங்க காத்திருக்காங்க, அங்கயும் ஒரு போர்டு மாட்டியிருக்கு. அதுல பவர் சரியா இருக்கான்னு நீ இன்னும் பாக்கல. நான் போய் டிரைவர்கிட்டச் சொல்றேன், ரெண்டு பேரு குறைவுன்னு.

பாஸ்குவாலா: இப்ப என்ன ஐயா சொல்றார்? அடிப்பாங்களா உங்களை?

ஒச்சோவா: இல்லம்மா. அவனும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறவன்தான். ...இங்க பாரு, பொய் சொல்ல மாட்டேன். இது முடிவு இல்ல. நாளைக்கு ஒரு அதிகாரி போன்ல உன்னை விசாரிப்பார். அவசர நிலைன்னு சட்டத்தை இறுக்கி வெச்சிருக்காங்க, அவர் கேள்வியும் இறுக்கமா இருக்கும். கதவு, ஆணி, சட்டை, எல்லாத்தையும் சொல்லு. மூணாவது தடவை கேக்கட்டும்னு இருந்துடாதே.

பாஸ்குவாலா: மொத தடவையே சொல்லிடறேன்.

ஒச்சோவா: இன்னைக்கு பஸ்ஸுல போகலை. அவ்வளவுதான் என்னால ஆனது.

பாஸ்குவாலா: கடவுள் உங்க வீட்டை நிறைக்கட்டும் ஐயா. அந்த மெல்லிசு ரொட்டி சுடற கையையும்.

ஒச்சோவா: சரி, விரலைக் குடு. இந்த மையில வெச்சு, இந்த எடத்துல ஒரு கைநாட்டு.

பாஸ்குவாலா: பேனா குடுங்க ஐயா. கையெழுத்தே போடறேன்.

ஒச்சோவா: போடத் தெரியுமா?

பாஸ்குவாலா: ஊர்ப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவதான் நான். என்னை ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னுதான் நீங்க இதையும் கேக்கல போல!

ஒச்சோவா: அட... அப்ப அந்த போர்டு? நான் தொண்டை வறள மூணு தடவை...

பாஸ்குவாலா: நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன் ஐயா. 'அதிகாரியிடம் தெரிவிக்கவும்'னுதான் எங்க ஊரு போலீஸ் ஸ்டேஷன் சுவத்துலயும் எழுதியிருந்துது. என் அண்ணன் ஒரு கொலையைக் கண்ணால பாத்துட்டு, அதை நம்பிப் போய்ச் சொன்னான். மறுநாளே கொலைகாரங்க அவனைத் தேடி வந்துட்டாங்க. போர்டை யார் வேணும்னாலும் மாட்டலாம். அதை மூணாவது தடவையும் வாசிக்கிறவங்க யாராவது இங்க இருக்காங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.