சித்தேரி ஜீப்பின் இடது முன்சக்கரம்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனால் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் மாரப்பன். பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டயர் கடை, பதினெட்டு வருஷமாக. சித்தேரி மலைக்கு எந்தச் சக்கரம் தாங்கும், எது தாங்காது என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. தார் ரோட்டில் ஓடுகிற சக்கரம் வேறு, மலையில் ஓடுகிற சக்கரம் வேறு. அகலமான டயர் பார்க்க அழகாக இருக்கும், கருங்கல் பாதையில் இரண்டே மாதத்தில் பக்கவாட்டில் கிழிந்துவிடும். ஒடுக்கமான டயர் வேண்டும், பக்கம் தடிப்பாக இருக்க வேண்டும். ரிம்மில் வெல்டிங் ஒட்டு இருந்தால் தொடவே கூடாது. எல்லாவற்றையும் விட, நட்டு மாட்டுகிற ஐந்து துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கூட ஆகாது. உடைந்தால் அங்கேதான் உடையும்.

மலைக்கு ஜீப் ஓட்டியவன் ராஜப்பன். தினமும் காலையில் வண்டியை என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவான். நான் சுத்தியலால் நான்கு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டுவேன். நல்ல ரிம் மணி மாதிரி சத்தம் கொடுக்கும். விரிசல் விட்டது ஓட்டைச் சட்டி மாதிரி கேட்கும். "ஏறுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் மலை ஜனங்கள் ஏறுவார்கள். கலெக்டரே வந்து சொன்னாலும் அதற்கு முன்னால் ஏற மாட்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதம் ராஜப்பன் அரூருக்குப் போய், நூர் பாஷா கடையில் நான்கு சக்கரம் வாங்கி வந்தான். மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய சரக்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பட்டாளத்துக்காரனே வேண்டாம்னு தூக்கிப் போட்டதுடா ராஜப்பா. மூணு மாசம் தாங்காது" என்றேன். டீக்கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

மூன்று மாதம் தாங்கியது. ஆடி, ஆவணி மழையிலும் தாங்கியது. ராஜப்பன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். கடையைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, "மாரப்பண்ணா, இன்னும் ஓடுதுங்க" என்பான். உள்ளே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். என் கடை முன்னால் நிறுத்துவதையும் விட்டுவிட்டான். ஜனங்கள் பஸ் நிற்கிற இடத்திலேயே மூட்டையைப் போட்டு ஏறிக்கொண்டார்கள். ஏறலாமா என்று என்னைக் கேட்க ஆளில்லை. வயிறு எரிந்தது, ஐயா. மறைக்க மாட்டேன். சோறே இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு இடது முன்சக்கரம் பஞ்சராகி வந்தது. அரூர் வரைக்கும் போக முடியாதே. "நீங்கதாங்க பாத்துக் குடுக்கணும்" என்றான். சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.

டயரைக் கழற்றி, ரிம்மை வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். வெகு நேரம் தேடினேன். துளைகளைச் சுற்றி ஒரு கீறல் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சக்கரத்தை நான் தொட்டதில்லை. நூர் பாஷா பொறுக்கி எடுத்துத்தான் கொடுத்திருந்தார். அது தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ரம்பத்தின் பிளேடை மட்டும் கழற்றி, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, உள்பக்கமாகத் துளைக்குத் துளை அறுத்தேன். முழுக்க அறுக்கவில்லை, கனத்தில் முக்கால் பங்கு. நல்ல இரும்பு, இரண்டு பிளேடு மழுங்கிவிட்டது. கிரீஸில் செம்மண் குழைத்துப் பூசி மறைத்தேன். பஞ்சரையும் ஒழுங்காக ஒட்டினேன். வேலையில் குறை வைப்பது எனக்குப் பிடிக்காது.

வெறும் வண்டியாகத் திரும்பும்போது உடையும் என்று நான் நினைத்ததாக எழுதிக்கொள்ளலாம். அப்படி நினைத்தேனா என்பது எனக்கே சரியாக ஞாபகம் இல்லை.

ஏறும்போதே மூன்றாவது திருப்பத்தில் சக்கரம் பிய்ந்து போனது. ராஜப்பனையும் சேர்த்து எட்டுப் பேர். ஐந்து பேர் பள்ளத்திலேயே முடிந்துபோனார்கள். ராஜப்பனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அன்னிக்கே சொன்னீங்க. உங்க பேச்சக் கேக்காம அஞ்சு உசுரக் கொன்னுட்டேனுங்க."

"விடு, ஆனது ஆகிப்போச்சு" என்றேன். ஒன்பது மாதம் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நூர் பாஷா மட்டும் உடைந்த ரிம்மைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, ரம்பத் தடத்தை உங்களுக்குக் காட்டிக் கொடுத்தது அவர்தான். கெட்டிக்காரர். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. சக்கரத்தை மாட்டி முடித்தபோது, மலைக்குப் போகிறவர்கள் ஆறு பேர் என் கடை வாசலுக்கே வந்துவிட்டார்கள். வண்டி அங்கே நின்றதால் பழைய பழக்கம் திரும்பிவிட்டது போலிருக்கிறது. ஒருவரும் ஏறவில்லை. அதில் செல்லி என்று ஒரு பெண், இடுப்பில் குழந்தை.

"தட்டிப் பாருங்கண்ணா. ஏறலாமுங்களா?" என்று கேட்டாள்.

சுத்தியலை எடுத்து மூன்று சக்கரத்தைத் தட்டினேன். பிறகு இடது முன்சக்கரத்தையும் தட்டினேன். சத்தம் மாறியிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குழந்தையும் பார்த்தது.

"ஏறுங்க" என்றேன்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவர்கூட ஏறியிருக்க மாட்டார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது, ஐயா.