அமீபாவாட்டம் ஒரு பனியன்காரர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்றை ஆளாய் பனியன் தைக்கிற எட்டு மெஷின் போட்டு, காரும் வாங்கினேன். கார் வாங்குவதற்கு முந்தின வருஷம் வேலம்பாளையம் பஸ்ஸில் ஒரு பேச்சைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். முன் சீட்டில் ஒரு சயின்ஸ் டீச்சரும் அவர் வீட்டுக்காரரும். வீட்டுக்காரருக்கு வலது கை விரலில் தையல் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருந்தது. காதர்பேட்டைப் பனியன் கடைகளுக்குப் போகிற மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க அமீபாவாட்டம் இருக்கறீங்க."

"அதென்ன, வியாதியா?"

"ஒரே செல்லு இருக்கற உயிருங்க. திங்கறது, நகர்றது எல்லாமே அந்த ஒண்ணுதான். அது செத்தா உசுரே முடிஞ்சுது. நீங்களும் வெட்டறது, தைக்கறது, மடிக்கறது எல்லாம் ஒத்தையா. விரல்ல அடிபட்டதும் மெஷினே நின்னு போச்சு. மீதிச் சரக்கு வெள்ளிக்கெழம குடுக்கோணுமில்லீங்க?"

"அடுத்தவங்க கை பட்டா தையல் கோணிப்போகும்."

"நம்ம ஒடம்புல கோடிக்கணக்குல செல்லு இருக்குதுங்க. பாக்கறதுக்குச் சிலது, செமிக்கறதுக்குச் சிலது. பத்து செத்தாலும் ஒடம்பு நிக்கறதில்லீங்க. நான் தைக்கறனுங்க, நீங்க பக்கத்துல உக்காந்து தையலப் பாருங்க."

"ரெண்டு அமீபா பக்கத்துல உக்காந்தா ஒடம்பு ஆயிருமாக்கு?"

"சும்மா உக்காந்தா ஆகாதுங்க. வேலையப் பிரிச்சுக்கிட்டாத்தான் ஆகும்."

காதர்பேட்டை வந்ததும் அவர் எழுந்தார். வழி நெடுக விடாத மூட்டையை மெதுவாக மனைவியிடம் நீட்டினார்.

"பாத்துப் புடி. மடிப்புக் கலஞ்சிரும்."